இருபது நிமிட ஸ்மூத்தி

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!"

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் கிளம்பியபோது மணி ஆறு பத்து. மாடி வீட்டில் மிக்ஸி ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"காலங்காத்தால சண்டை எதுக்கு? விட்டுத் தள்ளு" என்றான் கணவன், போர்வைக்குள்ளிருந்து.

"உங்களுக்கென்ன, இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டீங்க. குழந்தை அஞ்சு மணிக்குத்தான் கண்ணசருது. ஆறு மணிக்கு அந்தக்கா மிக்ஸியைப் போட்டுடறாங்க. ஒரு மாசமா எனக்குத் தூக்கம் இல்லை. இன்னியோட இதுக்கு ஒரு முடிவு கட்டறேன்!"

படியேற ஏறக் கோபமும் ஏறியது.

அந்தக்காவின் கணவர் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். முன்பெல்லாம் படியில் பார்த்தால், "பாப்பா எக்ஸ்பிரஸ் இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்" என்று அதே கணீர்க் குரலில் குழந்தையைக் கொஞ்சுவார். ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தபிறகு, எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். அப்படி என்ன தலைக்கனமோ!

கதவு பாதிதான் திறந்தது. மாடி வீட்டு அக்கா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். மிக்ஸி இரைச்சலில் இருவரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"என்னக்கா இது, தினமும்?"

"காலை டிபன்மா. ஸ்மூத்தி. நாங்க வீகனா மாறிட்டோம். பால், தயிர் எதுவும் தொடறதில்லை. உறைஞ்ச வாழைப்பழம் பாரு, லேசுல அரைபடாது."

"அதுக்கு இருபது நிமிஷமா? பல் இல்லாதது என் குழந்தைக்குத்தான். நீங்க கடிச்சுச் சாப்பிடலாமே!"

"மன்னிச்சுக்கோம்மா. நாளைக்கும் போடுவேன்."

எவ்வளவு அழுத்தம்! அப்போதுதான் அக்காவின் தோளுக்குப் பின்னால், மேஜைமேல் அது கண்ணில் பட்டது. கிண்ணம் நிறைய ஊதா நிறக் கூழ். மேலே வாழைப்பழ வில்லைகள், பாதாம், ஏதேதோ விதைகள்.

"அதான் செஞ்சு முடிச்சாச்சே! அப்புறம் உள்ளே என்ன அரையுது?"

உள்ளே மிக்ஸி ஒரு முறை திணறிவிட்டு நின்றுபோனது. கருகல் வாடை அடித்தது.

அந்த அமைதியில், சமையலறையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மூ... மூன்றா... வது... நழை... நடை... மே..."

மிக்ஸி நின்றது தெரிந்ததும் குரலும் சட்டென்று நின்றது.

அக்கா கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"பக்கவாதம்மா. கை கால் தப்பிச்சுது, பேச்சுதான் குழறுது. வர்ற திங்கட்கிழமை குரல் தேர்வு. தேறலைன்னா மைக்கைத் தொட விடமாட்டாங்க. மைக்தான் அவருக்கு உயிரு. வெளியில ஒருத்தர் காதுல விழுந்தாலும் மானம் போயிடும்ங்கறார். மிக்ஸி ஓடினாத்தான் வாயைத் திறக்கிறார்."

"அப்போ இந்த ஸ்மூத்தி...?"

"தினமும் மிக்ஸி போட ஒரு சாக்கு வேணுமே. சத்தியமா சொல்றேன், அந்தக் கண்றாவி எங்க ரெண்டு பேருக்கும் தொண்டையில இறங்கலை. இப்போ மோட்டாரும் சூடேறிப் போச்சு. அரை மணி நேரம் ஆறணும். அதுக்குள்ள அவர் மனசு விட்டுடுவார்."

அவள் விறுவிறுவென்று படியிறங்கினாள்.

"என்ன, முடிவு கட்டியாச்சா?" என்றான் கணவன். அவள் நேராகச் சமையலறைக்குப் போய் எதையோ தூக்கிக்கொண்டு மறுபடியும் படியேறினாள். ஒரு தோளில் குழந்தை, மறு கையிடுக்கில் அவள் வீட்டு மிக்ஸி.

"உங்களுது ஆறட்டும்க்கா, இதைப் போடுங்க" என்றாள் மூச்சு வாங்க. "திங்கட்கிழமை வரைக்கும் நாங்க மத்தியானம் தூங்கிக்கறோம்."