கடைசிப் பத்தி

பதிப்பக ஆசிரியர் உள்ளே நுழைந்தபோது, அவள் கணவனின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நகத்தையும் வெட்டி முடித்ததும் விரலை ஈரத்துணியால் துடைத்து, கண்ணாடிச் சாமானை வைப்பதுபோல் மெல்லக் கீழே வைத்தாள்.

கட்டிலில் கிடந்தவருக்குப் பக்கவாதம். கணக்கு வாத்தியார், அவர் பாடம் நடத்தினால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் கணக்குப் போட்டுவிடும் என்பார்கள். வீட்டிலும் அவர்தான் பேசுவார், அவள் கேட்டுக்கொள்வாள். இப்போது அவருக்கு நாக்குக் குழறியது, வலது கால் அவர் பேச்சைக் கேட்பதில்லை. அவள் எழுத ஆரம்பித்திருந்தாள்.

'பக்கத்துக் கட்டில்' என்ற அவளுடைய வலைப்பூவைப் படிக்காதவர்கள் குறைவு. சாப்பாடு ஊட்டியது, புரட்டிப் படுக்கவைத்தது, கோபத்தில் நாள் முழுக்க அவரோடு பேசாமல் இருந்துவிட்டு, அவராலும் பேச முடியாது என்பது சாயங்காலம்தான் உறைத்தது, எல்லாம் அதில் இருந்தது. பதிவைப் போட்ட சூட்டோடு பின்னூட்டங்கள் கொட்டும். முகம் தெரியாதவர்கள் அவளைத் தாயே என்றார்கள், தெய்வமே என்றார்கள். அதற்கு முன்பு அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட ஆள் இருந்ததில்லை.

பதிப்பக ஆசிரியருக்கு எழுத்தாளர்கள் வைத்திருந்த பெயர் கத்திரி. அவரும் கட்டுரை எழுதுகிறவர்தான். தன் கட்டுரைத் தொகுப்பின் இரண்டு பிரதிகள் வீட்டில் ஆடுகிற பீரோவுக்கு முட்டுக்கொடுத்து நிற்பதாக அவரே சொல்லிச் சிரித்தார்.

“அந்த வகையில கட்டுரைக்குத்தான் பலம் அதிகம் மேடம். பிளாக்க வச்சு பீரோவ நிறுத்த முடியாது.”

பிறகு அவர் வந்த விஷயத்துக்கு வந்தார். வலைப்பூ என்பது வாசல் கேட்டில் சாய்ந்துகொண்டு பேசுகிற பேச்சு. அடுப்பில் ஏதாவது தீய்ந்தால் பாதியில் விட்டுவிட்டு ஓடலாம், மிச்சத்தை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம். கட்டுரை அப்படியில்லை. வந்தவரை உட்காரவைத்து, பேசி, வாசல்வரை வந்து வழியனுப்ப வேண்டும். அவளுடைய பதிவுகளை நறுக்கிக் கோத்தால் அருமையான கட்டுரை நூல் கிடைக்கும் என்றார். ஒரே ஒரு குறை, அதற்கு முடிவு இல்லை.

அவள் நகவெட்டியைக் கீழே வைத்தாள். “முடிவுன்னா?”

கத்திரிக்கு அப்போதுதான் தான் எதைக் கேட்டோம் என்பது புரிந்தது. கட்டிலைப் பார்த்தார். தப்பாகக் கணக்குப் போட்ட பையனைப் பார்ப்பதுபோல் வாத்தியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயையோ, நான் அதைச் சொல்லலங்க. சார் எழுந்து நடந்தாலும் முடிவுதானே. சொல்லப்போனா அதுதான் நல்ல முடிவு. அதுவரைக்கும் நாங்க காத்திருக்கோம்.”

வாத்தியார் கோணல் வாயால் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“இவர் என் வீட்டுக்காரர் சார். உங்க புத்தகத்தோட கடைசிப் பத்தி இல்ல.” நகவெட்டியை மறுபடி எடுத்துக்கொண்டாள். “கட்டுரையெல்லாம் எனக்கு வேணாம். பிளாக்கே போதும். அதுக்கு முடிவுன்னு ஒண்ணு தேவையில்ல.”

கத்திரி எழுந்து கும்பிட்டார். படியிறங்கும்போது, நீயெல்லாம் மனுஷனா என்று தன்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டார். இப்படிப்பட்ட அன்பு எந்தக் கட்டுரைக்குள்ளும் அடங்காது என்று தோன்றியது. கண் கலங்கியதில் எதிரே ஏறிவந்த பிசியோதெரபிக்காரப் பெண்மீது மோதிக்கொள்ளப் பார்த்தார்.

அந்தப் பெண் தினமும் வருகிறவள். வாத்தியாரின் காலை நீவி, மடக்கி, நீட்டி, திட்டி, கெஞ்சி வேலை வாங்குவாள். அன்றைக்கு அவரை எழுப்பி நிறுத்தி, ஜன்னல் கம்பியைப் பிடிக்கவைத்தாள். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் தன் கையை விலக்கிக்கொண்டாள்.

வாத்தியார் நின்றார். கம்பியை விட்டார். வலது காலை இழுத்துக்கொண்டு, அறைக் கதவுவரை தானே நடந்து வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மனைவியைப் பார்த்து, “பாத்தியா” என்றார். பல மாதங்களுக்குப் பிறகு முழுசாக வந்த வார்த்தை அது. அவளும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவரைப் படுக்கவைத்துவிட்டு இருவரும் கூடத்துக்கு வந்தார்கள். பிசியோ பெண்ணுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“இன்னும் கொஞ்ச நாள் விடாம பண்ணா போதும்க்கா. கைத்தடிகூட இல்லாம ஸ்கூலுக்கே போயிடுவார். இப்ப விட்டாதான் கால் மறுபடி இறுகிப் போயிடும். அப்புறம் யார் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது.” செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தாள். “இதை இன்னைக்கே எழுதிடுங்கக்கா. உங்க பிளாக் படிக்கிறவங்கல்லாம் அப்பாடான்னு அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிடுவாங்க.”

அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. எங்கோ இருந்து யாரோ கேட்டிருந்தார்கள்: 'ஐயா இன்னைக்கு எப்படி இருக்கார் தாயே?' அதைத் தொடர்ந்து இன்னொன்று. பிறகு இன்னொன்று.

அவள் எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தாள். திரும்பிப் போய் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தாள்.

“நாளையிலேர்ந்து நீ வர வேணாம்மா.”