உச்சிப் படி

"கட்!"

மூன்றாவது முறையாக லெஸ்டர் கார்விக்கு வசனம் மறந்துவிட்டது.

படப்பிடிப்புக்காகப் போட்ட சுழல்கோபுரத்தின் உச்சிப் படியில் நின்ற வெர்னா அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். மறுபடி முதலிலிருந்தா? அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

நியூயார்க்கில் நாடகம் போட்டுப் பேரெடுத்த ஒரு முதலாளியின் கதை, பாட்டும் ஆட்டமுமாக ஹாலிவுட்டில் படமாகிக் கொண்டிருந்தது. முதலாளி வேஷம் கார்விக்கு. அவர் கீழே நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்து எட்டு வரி பேச வேண்டும். கோபுரம் சுற்றி முடிகிறவரை படிக்கொருத்தியாக நூறு பெண்கள் சிலை மாதிரி நிற்க வேண்டும். எல்லாம் ஒரே ஷாட்.

வெர்னாவின் படிக்குக் கைப்பிடி கிடையாது. காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை. சாப்பிட்டு இடுப்பு கொஞ்சம் பெருத்தாலும் ஷாட்டுக்கான இறுக்கமான உடுப்பு ஏறாது. கோபுரம் சுற்றினால் தலையும் சேர்ந்து சுற்றியது, கண் இருட்டியது. விழுந்தால் எலும்புகூட மிஞ்சாது.

ஷாட்டின் நடுவில் உட்காரவும் பயம். போன வாரம் ஒருத்தி அப்படி உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் வாசல் காவலாளி, "உன் பேரு லிஸ்ட்ல இல்லம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டான். வெர்னாவின் சம்பளத்தில்தான் வீட்டில் நாலு பேர் சாப்பிடுகிறார்கள்.

"குடிச்சிட்டு வந்திருக்காருடி," என்றாள் அடுத்த படி ஐரீன். "எட்டே வரி. என் அக்கா பையன் ஒப்பிச்சிடுவான்."

"நாம உசுரைக் கையில பிடிச்சிட்டு நிக்கிறோம். அந்த ஆளுக்கு விளையாட்டா இருக்கு," என்று பொருமினாள் வெர்னா.

கீழே இயக்குநர் கார்வியிடம் போனார்.

"என்ன சார், உடம்பு சரியில்லையா?"

"பசிக்குது. சாப்பிடாம எனக்கு வசனம் வராது."

"இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துடலாமே சார்."

"வராதுன்னா வராது."

வேறு வழியில்லாமல் எல்லாரையும் சாப்பாட்டுக்கு விட்டார் இயக்குநர். பெண்கள் இறங்கி வரும்போது உதவியாளரிடம் அவர் கடுகடுத்தது வெர்னாவின் காதில் விழுந்தது.

"அடுத்த படத்துக்கு இந்த ஆள் வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்லிடு."

"நல்லா வேணும்," என்றாள் வெர்னா.

உடுப்பைத் தளர்த்திக்கொண்டு சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டாள். திரும்ப ஏறியபோது பயம் இருந்தது, ஆனால் கண் இருட்டவில்லை. கார்வி எட்டு வரியையும் பிசிறில்லாமல் பேசினார். ஷாட் ஓகே.

இறங்கி வந்தவளுக்கு எதிரே கார்வி வந்தார். சாராய வாடை அடிக்கிறதா என்று அவள் மூக்கு தானாகத் தேடியது. சோப்பு வாசனைதான் வந்தது.

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"இனிமே வெறும் வயித்தோட அங்க ஏறாதம்மா. நீ கண்ணை மூடித் தள்ளாடறப்ப எல்லாம் எனக்கு வசனம் மறந்து போயிடுது."