அகழிக்குள் சர்க்கரை டப்பா

எறும்பு ஏறாமலிருக்கச் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்திருந்தார்கள். பக்கத்துக் கூடையில் ஒரு கொய்யாப்பழம் கிடந்தது. வீட்டுக்காரர் மருதப்பனுக்கு ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறது என்று அன்று காலையில்தான் ரிப்போர்ட் வந்திருந்தது.

டப்பாவுக்கு ஒரே பதற்றம். "போனால் ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்" என்றது. "உன் உடம்பிலும் சர்க்கரைதானே இருக்கிறது? பழம் என்று பேர் வைத்துக்கொண்டால் மட்டும் ஆச்சா?"

"இருக்கிறது, யார் இல்லை என்றது?" என்றது கொய்யா. "ஆனால் நீ காபியில் மூணு ஸ்பூன் கரைந்து ஒரே மடக்கில் உள்ளே போய்விடுவாய். என்னைத் தோலோடு, கொட்டையோடு மென்றாக வேண்டும். ஒன்று தின்பதற்குள் தாடை ஓய்ந்துவிடும், வயிறும் போதும் என்றுவிடும்."

"எல்லாம் இனிப்புதான்!" என்று டப்பா கத்தியது.

"அப்படியா? ரெண்டு நாளாய் நான் திறந்த கூடையில்தான் கிடக்கிறேன். ஒரு எறும்புகூட எட்டிப் பார்க்கவில்லை. உனக்கு மட்டும் எதற்கு அண்ணே இந்த அகழி?"

டப்பா மூடியை இறுக்கிக்கொண்டது.

அப்போது மருதப்பன் வந்தார். டப்பாவைத் தூக்கி அலமாரி உச்சியில் வைத்தார். திரும்பிக் கொய்யாவை எடுத்துக் கழுவி, நறுக்கென்று ஒரு கடி கடித்தார்.

அந்தச் சத்தம் அலமாரி உச்சிவரை கேட்டது.