தம்பிக்கு மட்டும் விட்ட துணி

மத்தியான வெயில் தையல் மிஷினின் மேல் விழுந்து கிடக்கிறது. தையல்காரர் தம்பியின் சீருடைப் பேண்ட்டை மடியில் போட்டு, இடுப்பின் பின்தையலைப் பிளேடால் பிரிக்கிறார். எதிரே பெஞ்சில், பஸ் ஓட்டும் தம்பி, போட்டிருக்கும் பேண்ட்டின் பட்டனைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறான். மடியில் ஸ்கேன் கவர்.

"ஒரு சொட்டு குடிச்சதில்லண்ணே. ஈரல் பூரா கொழுப்பாம். சர்க்கரை முந்நூறு. ரெண்டுக்கும் இந்தத் தொந்திக்கும் சம்பந்தம் இருக்காம். எத்தனை வருஷமா இடுப்பு பெருக்குதுன்னு டாக்டர் கேட்டாரு. அதையெல்லாம் யாரு சார் அளந்து பாத்தான்னேன்." சொல்லிவிட்டு அவனே சிரிக்கிறான்.

பிளேடு நிற்கிறது. தையல்காரரின் கழுத்தில் டேப் தொங்குகிறது. மேஜை இழுப்பறையில் இருக்கும் அளவு நோட்டில் தம்பியின் இடுப்பு முப்பத்தாறு, முப்பத்தேழரை, முப்பத்தொன்பது என்று அவர் கையெழுத்திலேயே வருடவாரியாக இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் "முதலாளி களை வந்துடுச்சுடா" என்று அவன் வயிற்றில் தட்டித்தான் பிரித்துவிட்டிருக்கிறார். வேறு யாருக்கும் இவ்வளவு துணி உள்ளே மடித்து விடமாட்டார். பிரித்த இடத்தில் துணி வெளுக்காமல் புதுசாக இருக்கிறது. பழைய தையல்களின் ஊசித்துளைகள் வரிசை வரிசையாக, அவற்றின் வழியே வெளிச்சம்.

"இன்னும் பிரிக்கத் துணி இருக்காண்ணே?"

"உனக்கு இல்லாததா" என்பதுதான் அவருடைய வழக்கமான பதில். மடிப்பில் இன்னும் இரண்டு விரல் துணி மிச்சம் இருக்கிறது. அவர் அதைக் கைக்குள் பொத்திக்கொள்கிறார்.