கால் கழுவிய தண்ணீர்

மசாஜுக்கு முன்னால் காலைக் கழுவிவிடுவது சாங்கிக் கடலோரத்து அந்த ஸ்பா ஹோட்டலின் வழக்கம். பணிப்பெண் நிரஞ்சனா தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றியும் ஈவாவின் பாதங்களிலிருந்து மணல் உதிர்ந்துகொண்டே இருந்தது.

“கடல்ல இறங்கினீங்களாக்கா?”

“இல்லயே. பிடோக்லேர்ந்து டாக்ஸி பிடிச்சு நேரா உள்ள வந்துட்டேன் லா.”

மசாஜ் முடிந்த பிறகும் அந்த மணல் ஈவாவின் மனதை விட்டுப் போகவில்லை. வெறுங்காலோடு கடற்கரைக்கு இறங்கினாள். ஈர மணலில் ஹோட்டலை நோக்கி வந்திருந்தது ஒரே ஒரு காலடி வரிசை. இடது சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது, அவளுடையதைப் போலவே. எங்கிருந்து வருகிறது என்று பார்க்க அதன் ஓரமாகவே நடந்தாள். அது அலைக்குள்ளிருந்து வந்தது.

திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு வரிசைதான் இருந்தது. இப்போது அவள் நடந்து வந்த தடம் எங்கும் இல்லை.