ஆம்போ இறக்கம்

வண்டி மலைமேலிருந்த செர்ரோ ஊரை விட்டு இறங்கத் தொடங்கிய பிறகும் எர்மெலிந்தா செவிலியை விடுவதாயில்லை.

"மலையில பொறந்த பிள்ளைக்கு மலைக்காத்து சேராதாமா? லிமாவுல இருந்து வந்தவ நீ. நாலு படி ஏறினா உனக்குத்தான் மூச்சு வாங்கும்."

செவிலி அதேலா, தன் மடியில் கிடந்த எர்மெலிந்தாவின் மகள் யுலிசாவின் முகத்தில் ஆக்சிஜன் முகமூடியை அழுத்திப் பிடித்திருந்தாள்.

பிள்ளையின் உதடு, ஊதாச் சோளக் கஞ்சி குடித்தாற்போல் கறுத்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம்.

பள்ளி விடுமுறைக்குக் கடலோரம், லிமாவில் அத்தை வீட்டுக்குப் போனவள் முந்தாநாள்தான் திரும்பியிருந்தாள். இருமல் வந்ததும் கடலோரத்துச் சளி என்று முடிவு கட்டினாள் எர்மெலிந்தா. ஜன்னலைச் சாத்தி, கம்பளியை இழுத்துப் போர்த்தி, கோக்கா இலைத் தேநீர் புகட்டினாள்.

செர்ரோவில் எந்த வீட்டிலும் அதைத்தான் செய்வார்கள். உயரத்தில் காற்றுப் போதாமல் வரும் மலைநோய் வெளியூர்க்காரர்களுக்கு வருவது. சொந்த ஊர்ப் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

"கோவிச்சுக்காதீங்க அக்கா," என்றாள் அதேலா. "உடம்புல ஒவ்வொரு அணுவும் காத்து எவ்வளவு கிடைக்குதுன்னு பாத்துக்கிட்டே இருக்கும். கீழே தாராளமாக் கிடைச்சா, மலையில பழகினதை மறந்துடும். திரும்ப ஏறினதும் பதறிப்போய் நுரையீரல்ல நீர் கோத்துக்கும். மருந்தெல்லாம் அப்புறம், முதல்ல கீழே இறக்கணும்."

"கதை விடுறா," என்று முணுமுணுத்தாள் எர்மெலிந்தா. ஆனால் மகளின் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சாலையோரம் மரங்கள் வந்தன. காற்றில் யூகலிப்டஸ் வாசம் ஏறியது.

கீழே பள்ளத்தாக்கிலிருந்த ஆம்போ ஊரை நெருங்கும்போது கொதிக்கிற சத்தம் அடங்கியது. உதட்டில் கறுப்பு கலைந்து, மெல்லச் சிவப்பு ஊறியது.

யுலிசா முகமூடியைத் தள்ளிவிட்டுப் பசிக்கிறது என்றாள்.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா செனோபியோ ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு சிரித்தான்.

எர்மெலிந்தா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"பிள்ளைதான் பொழைச்சுட்டாளே. இப்ப எதுக்குடி அழறே?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. அதேலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போன வருஷம் என் மூத்தவன் வில்பரும் லிமாவுக்குப் போயிட்டு வந்துதான் இருமினான். இதே கம்பளியாலதான் போத்தி வெச்சேன், வீட்டுலயே. அங்கயே போயிட்டான்."

செனோபியோவின் சிரிப்பு நின்றது.

"சொல்லு தாயி," என்றாள் எர்மெலிந்தா. "அவனையும் இவ்வளவு தூரம் இறக்கியிருந்தாப் பொழைச்சிருப்பானா?"

இல்லை என்று ஒரு பொய் சொல்ல அதேலாவுக்கு வாய் வரவில்லை.