பெஞ்சுக்கு அடியில் ஒரு மைக்

பெஞ்சின் அடியில் கிர்ஸ்டனின் கை எதிலோ பட்டது. குனிந்து பார்த்தாள். டேப் போட்டு ஒட்டிய பட்டாணி அளவு மைக். அதன் வயர் சர்ச்சின் பின்கோடியில் இருக்கும் ஆர்லனின் மேஜை வரை ஓடியது.

சர்ச்சில் மைக், ஸ்பீக்கர் எல்லாம் ஆர்லன் பொறுப்பு. அந்த மனிதர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"உன் பையன் கத்தறதை அளக்கறாரும்மா," முன் பெஞ்சிலிருந்து மார்னா கிசுகிசுத்தாள். "எனக்கு ஒண்ணுமில்லை, குழந்தைன்னா அழத்தான் செய்யும். ஆனா இவர் கமிட்டியில போய்ச் சொன்னார்னா, உன்னைப் பிள்ளையோட தனியா கீழ்த்தளத்து ரூமுக்கு அனுப்பிடுவாங்க."

கிர்ஸ்டன் மடியிலிருந்த மகன் ஐவரை அணைத்துக்கொண்டாள். அவன் பிறந்த இந்த ஐந்து மாதத்தில், நாலு மனிதர்களோடு அவள் உட்காருவது வாரத்தில் இந்த ஒரு மணி நேரம்தான்.

பாஸ்டர் அறிவிப்பு படிக்கத் தொடங்கினார். ஐவர் வீறிட்டான். மறுபடியும். மறுபடியும்.

ஸ்பீக்கரில் பாஸ்டரின் குரல் ஏறியது. இன்னும் ஏறியது. 'விருந்துக்கு ஹாட்டிஷ் சமைத்துக் கொண்டு வருகிறவர்கள் பாத்திரத்தில் பெயர் எழுதி ஒட்டவும்' என்பது வானத்திலிருந்து வந்த கட்டளை போல ஜன்னல்களை அதிர வைத்தது. மார்னா காது மெஷினைக் கழற்றி மடியில் போட்டாள். ஐவர் அழுகையை மறந்து வாயைப் பிளந்தான். ஆர்லன் பதறி ஒரு கேபிளைப் பிடுங்க, சர்ச்சே சிரித்தது.

ஆராதனை முடிந்ததும் கிர்ஸ்டன் குழந்தையோடு நேரே அவரிடம் போனாள்.

"என் பிள்ளையை எதுக்கு அளக்கறீங்க, ஆர்லன்?"

ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட் போர்டு தொங்கியது. ஆர்லனுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

"இந்தச் சின்ன போர்டு, கேபிள் வழியா ஆம்ப்ளிஃபையருக்குக் கட்டளை அனுப்பும். ஒவ்வொரு வீறலுக்கும் சத்தத்தை ரெண்டு படி ஏத்துன்னு எழுதி வச்சேன். அழுகை நின்னதும் இறக்குன்னு எழுத மறந்துட்டேன். கிழட்டு மூளை."

"ஏத்தறதா? எதுக்கு?"

"அவன் கத்தறப்ப பாஸ்டர் குரல் கொஞ்சம் தூக்கலா இருந்தா, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. அவங்க திரும்பினாத்தானே நீ பையையும் பையனையும் தூக்கிக்கிட்டு வெளியே போற."

"அப்ப இவன் அழுததை நீங்க எண்ணலையா?"

"அவன் அழுததை யாரு எண்ணினா? திரும்பின தலையைத்தான் எண்ணினேன். போன வாரம் பதினாலு," என்ற ஆர்லன் குரலைத் தாழ்த்தினார். "அதுல அஞ்சு, மார்னாவோடது."